வீட்டில் ஐபி தானாக மாறுகிறதா? ரவுட்டரில் ரிசர்வேஷனா, கருவியில் ஸ்டாட்டிக்கா, பெயர் சொல்லிக் கூப்பிடுவதா

நேற்று இரவு வரை ஒழுங்காக அச்சடித்த பிரிண்டர் காலையில் ‘ஆஃப்லைன்’ என்கிறது. பிரிண்டரில் பழுது எதுவும் இல்லை, காகிதம் இருக்கிறது, வைஃபை விளக்கும் எரிகிறது. கம்ப்யூட்டர் அதை 192.168.1.20 என்ற ஐபி முகவரியில் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்) தேடிக்கொண்டிருக்க, பிரிண்டரோ ராத்திரியோடு ராத்திரியாக 192.168.1.37-க்குக் குடிபோய்விட்டது, அவ்வளவுதான். கேமரா, ஃபைல்களைச் சேமித்து வீடு முழுக்கப் பகிரும் நாஸ் பெட்டி, மூலையில் ஓடும் சின்ன சர்வர் என்று எதற்கும் இதே கதை நடக்கலாம்.

இதற்கு எல்லாரும் உடனே சொல்வது ‘ஸ்டாட்டிக் ஐபி போடு’, அதாவது மாறாத எண் ஒன்றைக் கருவியிலேயே கைப்பட எழுதிவை என்பது. நானும் பல வருஷம் அதைத்தான் செய்தேன். ஒரு தடவை நாஸ் பெட்டிக்கு .20 என்று கைப்பட அமைத்தேன், ஆனால் ரவுட்டர் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை முகவரி கொடுக்கிறது என்று பார்க்காமல் விட்டுவிட்டேன். சில வாரம் கழித்துப் பெட்டியை இரண்டு நாள் அணைத்து வைத்திருந்த சமயத்தில் ரவுட்டர் அதே .20-ஐ ஒரு போனுக்குக் கொடுத்துவிட்டது. பெட்டியை மறுபடி போட்டதும் இரண்டும் ஒரே முகவரிக்காக மோதிக்கொண்டன. இந்தப் பக்கம் ஃபைல் காப்பி பாதியில் நிற்கும், அந்தப் பக்கம் போனில் இன்டர்நெட் வரும், போகும். கேபிளை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், இரண்டு சாயங்காலம் போன பிறகுதான் காரணம் பிடிபட்டது. அதிலிருந்து, மாறியது எந்த முகவரி, அதைக் கொடுத்தது யார் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் நான் எந்த அமைப்பையும் தொடுவதில்லை.

மாறியது எது, கொடுத்தது யார்

வீட்டில் இரண்டு விதமான ஐபி உண்டு. 192.168 என்றோ 10 என்றோ தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரிகள். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணையத் தர ஆவணம் இவற்றைத் தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கி வைத்தது. இவற்றைக் கொடுப்பது உங்கள் ரவுட்டர். வெளியுலகத்துக்குத் தெரியும் முகவரி வேறு, அதைக் கொடுப்பது இணைய நிறுவனம். வீட்டுக்குள்ளேயே பிரிண்டர் காணாமல் போனால் முதல் வகைப் பிரச்சினை. வீட்டில் இருக்கும்போது கேமரா தெரிகிறது, வெளியே போனால் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டாவது வகை. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது.

உள் முகவரியை ரவுட்டர் நிரந்தரமாகக் கொடுப்பதில்லை, வாடகைக்கு விடுகிறது. டிஎச்சிபி என்ற அந்த முறையில் ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு லீஸ் காலம் இருக்கும். பாதிக் காலம் முடிந்ததும் கருவி தானே போய் நீட்டித்துக் கேட்கும். பதில் வரவில்லை என்றால் 87.5 சதவீதம் முடிந்ததும் நெட்வொர்க்கில் இருக்கும் எந்த டிஎச்சிபி சர்வரிடமும் கேட்கும். லீஸ் 24 மணி நேரம் என்றால் 12-ஆவது மணியில் ஒரு முறை, 21-ஆவது மணியில் ஒரு முறை. அதனால் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கருவியின் முகவரி சாதாரணமாக மாறக் கூடாது. வைஃபை ஒரு நிமிஷம் அறுந்து திரும்பினாலும் கருவி பொதுவாக முதலில் கேட்பது தன் பழைய முகவரியைத்தான். அப்படியும் மாறுகிறது என்றால் காரணம் ஒன்று இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

போன், டேப்லெட் என்றால் என் முதல் சந்தேகம் ‘பிரைவேட் வைஃபை அட்ரஸ்’ மேல்தான். ரவுட்டர் பொதுவாக ஒரு கருவியை அடையாளம் காண்பது அதன் மேக் முகவரியை, அதாவது வைஃபை அல்லது கேபிள் இணைப்புக்கென்று தொழிற்சாலையில் பதிந்த அடையாள எண்ணை வைத்து. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் வந்த ஐஓஎஸ் 14-உம் உண்மையான மேக்கை மறைத்து, வைஃபை பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று மேக்கைக் காட்டத் தொடங்கின. தனியுரிமைக்கு இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரு பெயர் என்று வைத்திருந்தால் ஒரே போன் ரவுட்டரின் கண்ணுக்கு இரண்டு போனாகத் தெரியும், இரண்டு முகவரி வாங்கும். ஐஓஎஸ் 18-இல் இதை ‘ரொட்டேட்டிங்’ என்று வைத்திருந்தால் ஒரே வைஃபை பெயரிலும் அந்த மேக் அவ்வப்போது தானாக மாறும். இது கண்டுபிடிக்கச் சுலபமானது: மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இந்த நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலையில் பதிந்த எண் இல்லை, மென்பொருள் உருவாக்கியது.

அடுத்த சந்தேகம், ஒரே வீட்டில் இரண்டு பெட்டிகள் முகவரி கொடுப்பது. சிக்னல் எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை மாடியில் மாட்டியிருப்போம், அதன் டிஎச்சிபியை அணைக்க மறந்திருப்போம். கருவி முகவரி கேட்கும்போது யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும். காலையில் ஒருவர், மாலையில் இன்னொருவர். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ‘ஸ்லாஷ் ஆல்’ சேர்த்துக் கொடுத்தால் ‘டிஎச்சிபி சர்வர்’ என்று ஒரு வரி வரும். நன்றாக இருக்கும்போது ஒரு தடவை, கெட்டுப்போனபோது ஒரு தடவை அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு என்றால் விஷயம் முடிந்தது, இரண்டாவது ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு (முகவரி கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் நிலை) மாற்றுங்கள். இதைச் சரிசெய்யாமல் முதல் ரவுட்டரில் எத்தனை ரிசர்வேஷன் போட்டாலும் பயனில்லை, ஏனென்றால் இரண்டாமவருக்கு அது தெரியவே தெரியாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முகவரி 169.254 என்று தொடங்கினால் யாருமே முகவரி கொடுக்கவில்லை, கருவி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கேபிள், வைஃபை, ரவுட்டர் இவற்றைப் பாருங்கள். 192.168.1 என்பது 192.168.0 என்று மூன்றாவது எண்ணே மாறியிருந்தால் கருவி வேறு ரவுட்டருக்கோ கெஸ்ட் நெட்வொர்க்குக்கோ போயிருக்கிறது. லேப்டாப்புக்கு வைஃபையில் ஒரு மேக், கேபிளில் ஒரு மேக், யுஎஸ்பி டாக்கில் செருகினால் பெரும்பாலும் அந்த டாக்குக்கென்று இன்னொரு மேக், அதனால் மூன்று முகவரி வருவது பிழையே இல்லை. ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் ஒரே மேக்காக இருந்தும் முகவரி மாறலாம், ஏனென்றால் சில லினக்ஸ் அமைப்புகள் மேக்குக்குப் பதிலாக ‘கிளையன்ட் ஐடி’ என்ற வேறொரு அடையாளத்தைக் காட்டும். ரவுட்டரே அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறதா என்றும் பாருங்கள். சில ரவுட்டர்கள் லீஸ் பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும், மின்சாரம் போனால் பட்டியலும் போய்விடும்.

வீட்டுக்குள் என்ன செய்யலாம்

காரணம் தெரிந்த பிறகும் சில கருவிகளுக்கு மாறாத முகவரி வேண்டியிருக்கும். அங்கேதான் தேர்வு வருகிறது.

என் முதல் வாக்கு ரவுட்டரில் போடும் டிஎச்சிபி ரிசர்வேஷனுக்கு. ‘இந்த மேக் வந்தால் இந்த முகவரியைக் கொடு’ என்று ரவுட்டரில் ஒரே ஒரு வரி எழுதிவைக்கிறோம், கருவியில் எதையும் தொட வேண்டியதில்லை. கருவி எப்போதும்போல முகவரி கேட்கும், எப்போதும் அதே பதில் வரும். இதன் பெரிய லாபம், யாருக்கு என்ன எண் என்பது ஒரே இடத்தில் இருப்பது. நாளைக்கு டிஎன்எஸ் சர்வரை (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தருவது) மாற்றினாலும் கேட்வேயை (வெளியே போகும் வழி) மாற்றினாலும் அந்த மாற்றம் லீஸோடு சேர்ந்து எல்லாக் கருவிக்கும் தானாகப் போய்ச் சேரும். லேப்டாப்பை வேறு எங்கே எடுத்துப்போனாலும் அங்கே கொடுக்கும் முகவரியை வாங்கிக்கொண்டு வேலை செய்யும்.

இதிலும் இடறும் இடங்கள் உண்டு. மேக் நிலையாக இருக்க வேண்டும், ஆகவே போனுக்கு ரிசர்வேஷன் வேண்டுமென்றால் உங்கள் வீட்டு வைஃபைக்கு மட்டும் பிரைவேட் அட்ரஸை நிறுத்துங்கள், அல்லது ஐபோனில் ‘ஃபிக்ஸ்ட்’ என்று வையுங்கள். வெளியிடத்து வைஃபைகளுக்கு அது ஆனிலேயே இருக்கட்டும். வைஃபை எக்ஸ்டெண்டர் சில, தன் வழியாக வரும் கருவியின் மேக்கை மாற்றி அனுப்பும்; அப்போது பிரிண்டர் எக்ஸ்டெண்டரோடு சேரும்போது ஒரு முகவரி, நேரடியாக ரவுட்டரோடு சேரும்போது ஒரு முகவரி என்று வரும். ரிசர்வேஷன் போட்டவுடன் எதுவும் மாறவில்லையே என்று பதற வேண்டாம், பழைய லீஸ் கையில் இருக்கும் வரை கருவி பேசாமல் இருக்கும், ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். எல்லாவற்றையும் விட முக்கியம், ரவுட்டரை மாற்றினால், ஏன், ஃபேக்டரி ரீசெட் செய்தாலே இந்தப் பட்டியல் முழுக்கப் போய்விடும். பட்டியலை ஒரு தாளில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் ரவுட்டரின் பேக்கப் ஃபைலை இறக்கி வையுங்கள்.

கருவியிலேயே கைப்படப் போடும் ஸ்டாட்டிக் ஐபியை நான் முழுக்க ஒதுக்கவில்லை, அதற்கும் இடம் இருக்கிறது. ரவுட்டர் படுத்துவிட்டாலும், டிஎச்சிபி வேலை செய்யாவிட்டாலும் அந்தக் கருவி தன் முகவரியோடு நிற்கும். வீட்டில் விளம்பரம் தடுக்கும் பை-ஹோல் மாதிரி டிஎன்எஸ் பெட்டி ஒன்று ஓடுகிறது, மற்ற எல்லாக் கருவியும் அதை நம்பியிருக்கிறது என்றால் அதற்கு ஸ்டாட்டிக் சரி. அதுவே டிஎச்சிபி சர்வராகவும் இருந்தால் ஸ்டாட்டிக் கட்டாயம், தனக்குத் தானே முகவரி கேட்க முடியாதே. இரண்டாவது அக்சஸ் பாயின்ட், மேனேஜ்டு ஸ்விட்ச் ஆகியவற்றுக்கும் போடலாம். ஆனால் ஒவ்வொரு கருவியிலும் முகவரி, சப்நெட் மாஸ்க் (எந்த எண்கள் இதே நெட்வொர்க்கைச் சேர்ந்தவை என்று சொல்வது), கேட்வே, டிஎன்எஸ் என்று நான்கு விஷயத்தைச் சரியாக நிரப்ப வேண்டும். அதைவிட, புது ரவுட்டர் வந்து அது 192.168.0 தொடரில் ஓடினால் 192.168.1 என்று நிலைநிறுத்திய கருவிகள் எல்லாம் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். திரையே இல்லாத கேமராவுக்கு இப்படி ஆனால், லேப்டாப்பின் முகவரியைப் பழைய தொடருக்கு மாற்றிக்கொண்டு போய்த்தான் அதை மீட்க வேண்டும். புது ரவுட்டரையே பழைய தொடருக்கு மாற்றுவது இதைவிடச் சுலபம், முதலில் அதைச் செய்து பாருங்கள்.

ஸ்டாட்டிக் போடுவதென்றால் நான் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டாம், அந்த எண் ரவுட்டர் கொடுக்கும் வரம்புக்கு வெளியே இருக்கட்டும். ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஓடும் ரவுட்டரில் வழக்கமான வரம்பு 100-இலிருந்து 249 வரை, லீஸ் 12 மணி நேரம்; அங்கே ரவுட்டர் வைத்திருக்கும் 1 போக 2 முதல் 99 வரை கைப்படப் போடத் தாராளமாக இடம் இருக்கிறது. சில ரவுட்டர்கள் 2 முதல் 254 வரை எல்லாவற்றையும் வரம்புக்குள் வைத்துக்கொள்ளும், அங்கே முதலில் வரம்பைச் சுருக்கிவிட்டுத்தான் ஸ்டாட்டிக் பக்கம் போக வேண்டும். கருவியில் ஒன்று, ரவுட்டரில் ஒன்று என்று இரண்டு எண் போட்டு வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், ஆறு மாதம் கழித்து எது உண்மை என்று உங்களுக்கே தெரியாது.

லீஸ் காலத்தை ஒரு நாளிலிருந்து ஒரு வாரமாக நீட்டுவதும் ஒரு வழிதான். வார இறுதியில் மட்டும் போடும் பிரிண்டர் தன் எண்ணை இழக்காமல் இருக்க இது உதவும். ஆனால் வந்துபோகும் போன்கள் ஒவ்வொன்றும் ஒரு எண்ணை ஒரு வாரம் பிடித்து வைத்திருக்கும், வரம்பு சின்னதாக இருந்தால் எண்களே தீர்ந்துபோகலாம். ரிசர்வேஷன் வசதியே இல்லாத ரவுட்டர் என்றால் இதைச் செய்யுங்கள், மற்றபடி இது வலியைத் தள்ளிப்போடும் மாத்திரை மாதிரி.

பெயரால் கூப்பிடுவது என்ற வழியைப் பலர் யோசிப்பதே இல்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. எண் மாறினால் என்ன, பெயர் மாறாமல் இருந்தால் போதுமே? எம்டிஎன்எஸ் என்ற முறை, 2013-இல் ஆர்எஃப்சி 6762 என்று தரமானது, இதைத்தான் செய்கிறது. ‘பிரிண்டர் டாட் லோக்கல்’ என்று கேட்டால் அந்தப் பெயருள்ள கருவியே ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தன் இப்போதைய எண்ணைச் சொல்லும். கம்ப்யூட்டரில் பிரிண்டரைச் சேர்க்கும்போது ஐபி எண்ணைக் கொடுக்காமல் பெயரால் சேர்த்திருந்தால் ஆரம்பத்தில் சொன்ன காலை நேரச் சிக்கல் வந்தே இருக்காது. குறை என்னவென்றால் இது ஒரே நெட்வொர்க்குக்குள் மட்டும் கேட்கும் குரல். கெஸ்ட் வைஃபையிலிருந்து கூப்பிட்டால் மெயின் நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டருக்குப் பொதுவாகக் கேட்காது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கருவிக்கு அனுப்பும் ரவுட்டர் விதி) மாதிரி சில இடங்களில் எண்தான் வேண்டும், அங்கே பெயர் உதவாது. அதனால் என் வீட்டில் பிரிண்டர், நாஸ், கேமரா மூன்றுக்கும் ரிசர்வேஷன், தினசரி புழக்கத்தில் பெயர், டிஎன்எஸ் பெட்டி ஒன்றுக்கு மட்டும் ஸ்டாட்டிக். டிவி, போன், விளக்குகள் எதற்கும் எதுவும் போடவில்லை, அவற்றின் எண் எதுவாக இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை.

வெளி முகவரி மாறினால்

இங்கே முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும், இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ரவுட்டரின் பக்கத்தில் ‘வான்’ (வெளி இணைப்பு) என்ற இடத்தில் இருக்கும் ஐபியைப் பாருங்கள், பிறகு ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தில் தெரியும் எண்ணைப் பாருங்கள். இரண்டும் ஒன்று என்றால் உங்களுக்கு உண்மையான வெளி முகவரி இருக்கிறது. ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது தெரிந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது ஒரே வெளி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. நாம் இதுவரை பேசிய எண்கள் ஐபிவி4 என்ற முறையைச் சேர்ந்தவை; அதில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான், உலக அளவிலான கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. 2012-இல் ஆர்எஃப்சி 6598 இந்த 100.64 தொடரை இதற்கென்றே ஒதுக்கியது.

உண்மையான வெளி முகவரி இருந்து அது மட்டும் அவ்வப்போது மாறுகிறது என்றால் டைனமிக் டிஎன்எஸ் போதும். ரவுட்டரோ வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரோ எண் மாறும்போதெல்லாம் டக்டிஎன்எஸ், நோ-ஐபி மாதிரியான சேவைக்குச் சொல்லிவிடும், நீங்கள் ஒரே பெயரால் எப்போதும் கூப்பிடலாம். எண் மாறிய முதல் சில நிமிஷம் மட்டும் பழைய எண்ணுக்கே போய் முட்டும். வயர்கார்டு என்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்கோடு சேர்க்கும் பாதுகாப்பான இணைப்பு) பயன்படுத்துபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அது இணைப்பை அமைக்கும்போது ஒரு தடவைதான் பெயரை எண்ணாக மாற்றிக்கொள்கிறது, வீட்டு எண் மாறிய பிறகும் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும், இணைப்பை அணைத்துப் போட்டால்தான் சரியாகும்.

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தால் டைனமிக் டிஎன்எஸ் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பெயர் சரியாகத்தான் மாறும், ஆனால் அந்த எண்ணில் கதவைத் தட்டினால் திறக்க வேண்டிய ரவுட்டர் உங்களுடையது அல்ல. அங்கே இரண்டு வழிதான். இணைய நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி, அதாவது மாறாத வெளி முகவரி கேட்டு வாங்குவது, அல்லது டெயில்ஸ்கேல், ஜீரோடியர் மாதிரி இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்தித்துக்கொள்ளும் விபிஎன் போடுவது. நீங்கள் வெளியுலகத்துக்கு ஏதாவது நடத்துகிறீர்கள், உதாரணமாக மெயில் சர்வர், அல்லது உங்கள் எண்ணை மட்டும் அனுமதிப்போம் என்று வேலையிடத்தில் கேட்கிறார்கள் என்றால் ஸ்டாட்டிக் ஐபிக்குத் தரும் பணம் தகும். உங்கள் கேமராவை, உங்கள் ஃபைலை நீங்களே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் விபிஎன்தான் சரி, சிஜிநாட் இல்லாதவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். வீட்டில் ஒரு போர்ட்டைக்கூட வெளியே திறந்துவைக்க வேண்டியதில்லை, டெயில்ஸ்கேல் கொடுக்கும் 100 என்று தொடங்கும் எண் நீங்கள் எந்த இணைப்பில் இருந்தாலும் மாறாது. அந்த எண்ணும் சிஜிநாட் தொடரிலிருந்தே வருவதைப் பார்த்துக் குழம்பிவிடாதீர்கள். பதிலுக்கு, அந்தச் சேவையின் கணக்கை நம்பியிருக்க வேண்டும், பார்க்கும் ஒவ்வொரு கருவியிலும் ஆப் இருக்க வேண்டும்.

ஐபிவி4-க்கு அடுத்து வந்த ஐபிவி6 முறையின் முகவரி மாறுவதைப் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் வெளியே பேசும்போது தற்காலிக முகவரியைப் பயன்படுத்தி, சுமார் ஒரு நாளுக்கு ஒரு தடவை அதை மாற்றிக்கொள்வது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு, அதை அப்படியே விடுங்கள்.

கடைசியாக, எதைத் தேர்ந்தெடுத்தாலும் ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தை இன்றே ஒரு தடவை திறந்து பாருங்கள். அந்த விதிகள் கருவியின் பெயரைப் பார்ப்பதில்லை, பெரும்பாலும் எண்ணைத்தான் பார்க்கின்றன. கேமராவுக்கென்று 192.168.1.20-க்குத் திறந்துவிட்ட கதவு, கேமரா .37-க்குப் போன பிறகும் .20-க்கே திறந்திருக்கும், இப்போது அந்த எண்ணில் இருப்பது பிள்ளைகளின் லேப்டாப்பாகக்கூட இருக்கலாம். அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு எண்ணிலும் இப்போது எந்தக் கருவி இருக்கிறது என்று லீஸ் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள், பொருந்தாத விதியை உடனே நீக்கிவிடுங்கள்.